பச்சைக் காரின் குறைகள்

பேக்கர்ஸ்ஃபீல்டில் மாதாமாதம் நடக்கும் பழைய கார் கண்காட்சியில் ரஸ்ஸலின் கண்ணை உறுத்தியது ஒரே ஒரு கார்தான். ஹாங்க் ஓட்டிவரும் பச்சை நிற 1934 ஃபோர்டு.

"கூரையை வெட்டித் தாழ்த்திட்டா ஆச்சா? பின்சக்கரம் உள்ள ஒடுங்கிக் கிடக்கு" என்று சாப்பாட்டு மேசையில் பொருமினான்.

"வேற என்ன குறை?" என்றாள் மனைவி நோரீன், சோள ரொட்டியை அவன் பக்கம் நகர்த்தியபடி.

அடுத்த மாதம் பின்சக்கரம் சரியாகியிருந்தது. பிறகு புகைக்குழாயைப் பழித்தான், அதுவும் மாறியது. நோரீனைத் தவிர யாரிடமும் அவன் வாய் திறந்ததில்லை. அப்படியானால் ஹாங்குக்கு யார் சொல்வது?

நோரீன் சனிக்கிழமைதோறும் அக்கா வீட்டுக்கு என்று சொல்லிக் கிளம்புவாள். அந்த வாரம் ரஸ்ஸல் பின்தொடர்ந்து போனான். அவள் வண்டி ஹாங்கின் பட்டறை வாசலில் நின்றது.

உள்ளே பச்சைக் காரின் அருகில் ஹாங்க் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"என் பொண்டாட்டி எங்கடா?"

ஹாங்க் பதறாமல் காருக்கு அடியில் கை காட்டினான். "நான் டிரைவர் மட்டுந்தான்பா. காரும் அவங்களோடது, வேலையும் அவங்களோடது."

நோரீன் மல்லாந்தபடியே வெளியே நகர்ந்து வந்தாள். முகமெல்லாம் கிரீஸ்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிருப்ப. எனக்குக் குறை தெரியணும்ல?"

ரஸ்ஸல் காரை ஒருமுறை சுற்றி வந்தான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, அவள் பக்கத்தில் தரையில் படுத்தான்.

"முன்பக்கம் இன்னும் அரை அங்குலம் தாழணும்" என்றான்.