பத்து வார ஈரம்

"இரு, ஏறாத!"

காரின் பின் சீட்டில் பிளாஸ்டிக் விரித்து, அதன்மேல் பழைய துண்டு ஒன்றையும் போட்ட பிறகுதான் மருமகளை உட்காரவிட்டாள் புஷ்பவல்லி.

குமுதா துண்டின்மேல் ஒடுங்கி உட்கார்ந்தாள். சிசேரியன் முடிந்து பத்து வாரம். வீட்டுக்கு வந்த மறுவாரமே தொடங்கியது. நின்றாலும் படுத்தாலும் சிறுநீர் கசிந்துகொண்டே இருந்தது. குழந்தைக்கு ஒரு பெம்பர்ஸ் மாற்றினால் அவளுக்கும் ஒன்று. இப்போதெல்லாம் அழக்கூட அலுப்பாக இருந்தது.

முதன்முதலில் சொன்னபோதே அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வாஸ்லின் டப்பாவைக் கொண்டுவந்து நங்கென்று வைத்தாள்.

"தொடையில தடவு, புண்ணாவாது. பயந்துக்கிட்டு தண்ணிய கொறைக்காத. கொறைச்சா இன்னும் எரியும்."

அன்றிலிருந்து குழந்தையைப் பார்க்கக்கூட யாரையும் வீட்டுக்குள் விடவில்லை.

"உங்கம்மாவுக்கு என்னைப் பார்த்தாலே அருவருப்புங்க" என்று ஒருநாள் கணவனிடம் சொன்னாள் குமுதா.

"அவங்க எப்பவுமே அப்படித்தான் லா. ஒரு கல்யாணம், கோயில்னு போய் நான் பார்த்ததில்ல" என்றான் பாலன்.

மேருவிலிருந்து கிள்ளான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர, வண்டிகள் நகராத ஜேமில் ஒரு மணி நேரம் ஆனது. பாலன் இவர்களை வாசலில் இறக்கிவிட்டுப் பார்க்கிங் தேடிப் போனான்.

ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் உஷாராணி நிதானமாகப் பரிசோதித்தார்.

"ஆபரேஷன் அப்போ மூத்திரப் பையில காயம் பட்டிருக்கு மா. சின்ன ஓட்டை. அது வழியாத்தான் கசியுது. அடுத்த மாசம் தைச்சிடலாம்."

"நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா டாக்டர்? கனமா தூக்கினதால..."

"ஐயோ, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நெறைய பேரு வெக்கப்பட்டுக்கிட்டு வெளிய சொல்றதே இல்ல. நீங்க வந்துட்டீங்க."

"நின்னுடுமா?"

"பெரும்பாலும் நின்னுடும்."

குமுதாவுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

குழந்தையோடு நின்றிருந்த புஷ்பவல்லி மட்டும் நகரவில்லை. மகன் வருகிறானா என்று கதவை ஒருமுறை பார்த்தாள். பிறகு குழந்தையை மருமகள் கையில் கொடுத்துவிட்டு மேசைப் பக்கம் குனிந்தாள். கிசுகிசுப்பாகக் கேட்டாள்.

"எம்மவன் பொறந்து முப்பத்திரண்டு வருஷமாச்சு டாக்டர்... எனக்கும் தைக்க முடியுமா?"