வெளிச்ச அளவு

முதலில் படத்திலிருந்து நிறத்தை எடுத்துவிட்டார்.

லாரியின் நம்பர் பிளேட்டைப் படிக்க நிறம் தேவையில்லை.

பிற்பகல் மூன்று மணி. கறுப்புத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டதில் அறை இருட்டியிருந்தது. தலைக்கு மேலே புரொஜெக்டர் இரைந்தது. எதிர்ச்சுவர் முழுக்க ஒரு புறவழிச்சாலை.

கோயம்புத்தூரில் இருபது வருடமாக அடுத்தவர் வீடுகளில் செய்துவந்த வேலைதான். ஹோம் தியேட்டர் மாட்டுவார். படத்தைத் திருத்துவார். கண்ணை உறுத்தாமல் இருக்க வேண்டும் என்பார்கள். அப்படியே செய்து கொடுத்துவிட்டு வருவார்.

இன்று சொந்த வீடு. சுவரில் ஓடுவது மகன் நவநீதனின் விபத்து.

சாலையோர மார்பிள் கடையின் கேமராவில் பதிந்தது. ஏட்டு அதைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார்.

"எங்க கம்ப்யூட்டர்ல நம்பர் தெரியிலீங்ணா. நீங்க இந்தத் தொழில்லயே இருக்கறீங்க. மூணு நம்பர் கெடச்சாக்கூடப் போதும், வண்டியப் புடிச்சுருவோம்."

விடிகாலை ஐந்து பத்து. நவநீதன் பைக்கில் வருவான். பின்னால் லாரி வரும்.

அந்த மூன்று நொடிகளை அவர் பார்ப்பதில்லை. அதைத் தாண்டித்தான் ஓடவிட்டார்.

லாரி சற்றுத் தள்ளி நிற்கிறது. யாரும் இறங்கவில்லை. கிளம்பிவிடுகிறது.

அது நிற்கும் நான்கு நொடிகள்தான் வேண்டும்.

பின்விளக்கின் ஒளியில் நம்பர் பிளேட் வெளுத்துக் கிடந்தது. கான்ட்ராஸ்டைக் குறைத்தார். விளக்கு சுருங்கியது. ஷார்ப்னெஸ்ஸைக் குறைத்தார். அது கூடினால் எழுத்துகளைச் சுற்றிப் பொய்க் கோடுகள் முளைக்கும். ஓரங்களை வெட்டிக்காட்டும் வசதியை நிறுத்தினார். நான்கு பக்கமும் ஒரு சாண் சாலை கூடுதலாக வந்தது.

பிறகு வெளிச்சம். ஒவ்வொரு புள்ளியாகக் கூட்டினார்.

முப்பது. முப்பத்தைந்து. நாற்பது.

நம்பர் பிளேட் இருட்டிலிருந்து மேலே வந்தது.

ஏழு. மூன்று. எட்டு. கடைசி எண்ணின் மேல் சேறு.

காகிதத்தில் குறித்தார். நாற்பது நாளில் முதல்முறையாக அவருக்கு மூச்சு முழுதாக வந்தது.

சரிபார்க்க இன்னொரு முறை ஓடவிட்டார். ஏழு, மூன்று, எட்டுதான். நிறுத்த மறந்தார். லாரி போன பிறகும் படம் ஓடியது.

இடது மூலையில், கீழே, அதுவரை கறுப்பாக இருந்த இடத்தில் ஏதோ அசைந்தது.

வெறும் புள்ளிகள் என்று நினைத்தார். இருட்டான படத்தில் வெளிச்சத்தைக் கூட்டினால் புள்ளிகள் துள்ளும்.

சுவருக்கு அருகே போய்ப் பார்த்தார்.

புள்ளிகள் இல்லை.

கை.

எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது.

ஐந்து பதினொன்று. ஒரு பால் வேன் வேகத்தைக் குறைத்தது. கை அதன் பக்கம் நீண்டது. வேன் விலகிப் போய்விட்டது.

ஐந்து பதினைந்து. கை தரையைத் தட்டியது. கதவைத் தட்டுவதுபோல, விட்டு விட்டு.

ஐந்து பத்தொன்பது.

அதன் பிறகு அசையவில்லை.

"ஸ்பாட்லயே முடிஞ்சிருச்சுங்க. வலியே தெரிஞ்சிருக்காது." ஆஸ்பத்திரி வாசலில் யாரோ சொன்னார்கள். அவர் மனைவி வசந்தாமணி அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இந்த நாற்பது நாளும் இரண்டு வாய் சாப்பிட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு அவளே அதைச் சொல்லி ஆறுதல் தந்தாள்.

கதவருகே திரைச்சீலை விலகியது.

ரிமோட்டை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். இடது மூலை கறுத்தது. நம்பர் பிளேட்டும் கறுத்தது.

வசந்தாமணி காப்பி டம்ளரை மேசைமேல் வைத்தாள்.

"ஏனுங்க, நம்பர் தெரிஞ்சுதுங்களா?"

"இல்ல."

காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

எண்ணைக் கொடுத்தால் லாரி கிடைக்கும். கேஸ் நடக்கும். கோர்ட்டில் இந்தப் படத்தைப் போடுவார்கள், எண் தெரியும் இதே வெளிச்சத்தில். அன்று அவளை எந்த வீட்டில் பூட்டி வைப்பது?

கைபேசி அடித்தது. ஏட்டு.

"பாத்தீங்களாண்ணா?"

"பாத்தனுங்க. ஒண்ணும் தெரியிலீங்க."

"செரிங்ணா. அப்ப நாங்க கேஸ எழுதி முடிச்சுக்கறோம்."

கைபேசியை வைத்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதையாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

ஆறிச் சில்லிட்டிருந்தது. மேலே தடிப்பாக ஆடை.

அவள் எவ்வளவு நேரமாகக் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள்?

அவர் அதைக் கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள்.

"எத்தன நிமிசங்க?"

வாயைத் திறந்தார். பொய் ஒன்றும் வரவில்லை.

"ஒம்போது."

வசந்தாமணி தலையசைத்தாள். முந்தானையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். சற்றுப் பொறுத்து முந்தானையை விட்டாள்.

"ஏட்டுக்குக் கூப்புட்டு நம்பரச் சொல்லுங்க."

"வசந்தா..."

"சொல்லுங்க. சொல்லீட்டு மறுக்கா வெளிச்சம் பண்ணுங்க. ஒம்போது நிமிசமும் அவன் தனியாக் கெடந்திருக்கறான்."

கைபேசியில் மூன்று எண்களையும் சொன்னார். நாலாவது தெரியவில்லை, சேறு என்றார். ஏட்டு எழுதிக்கொண்டு திரும்பப் படித்துக் காட்டினார். இவர் ஆமாம் என்றார்.

ரிமோட்டுக்காகத் திரும்பியபோது அவள் சுவரோரம் போயிருந்தாள்.

இடது மூலையில், தரையில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் கைவைத்திருந்தாள்.

அவள் கை இருந்த இடத்தில் படம் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது.