பத்து நிமிடப் பிழை

"புத்தகத்துல இருக்கிற விடை அச்சு அசலா வந்திருக்கே. ரீடிங்கை மாத்தினியா?"

மலேசியாவின் கிள்ளான் நகரப் பள்ளியொன்றின் இயற்பியல் கூடத்தில் சபாபதி சார் கேட்டதும், ஆறாம் படிவ மாணவி அர்ச்சனா தலைகுனிந்தாள்.

"கொஞ்சம்தான் சார். ஸ்டாப்வாட்ச்சை லேட்டா அமுக்கியிருப்பேன்னு நினைச்சு..."

"பிழை இருந்தா இருக்குன்னு எழுது. விடைக்கு ஏத்த மாதிரி ரீடிங்கை மாத்துறது மோசடி லா! மறுபடி செய்."

கைபேசி ஒலித்தது. கையில் ஊசல் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். மனைவி தெய்வானை.

"ஏங்க, நம்ம பொண்ணு விஷ்ணுப்ரியாவுக்குச் செவ்வாய் தோஷமாம். ஜோசியர் சொல்றாரு. பிரிக்பீல்ட்ஸ் மாப்பிள்ளை வீட்டுல ஜாதகம் கேட்கிறாங்களே!"

"பிறந்த நேரத்தை யாரு பார்த்தா? நர்ஸ்தானே? ஆஸ்பத்திரி கடிகாரத்துல பத்து நிமிஷம் பிழை இருக்கும் லா. பத்து நிமிஷம் தள்ளிப்போட்டுக் கணிக்கச் சொல்லு."

சற்று நேரத்தில் மறுபடி அழைத்தாள். "தோஷம் போயிடுச்சுங்க! அனுப்பிட்டேன்."

சார் முகம் மலர்ந்தது. அர்ச்சனா ஊசலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பாடவேளை முடிவதற்குள் மூன்றாவது அழைப்பு.

"வேணாம்னுட்டாங்க. மாப்பிள்ளைக்கும் செவ்வாய் தோஷமாம். தோஷம் இருக்கிற பொண்ணாத்தான் இத்தனை நாளா தேடுறாங்களாம்."

"அப்படின்னா அசல் நேரத்தையே அனுப்பு, தெய்வானை!"

"அனுப்பினேங்க. அவங்களுக்கு ஏத்த மாதிரி நேரத்தை மாத்திட்டோமாம். மோசடின்னு திட்டுறாங்க."