கொக்கு வந்து நின்ற மாடி

"தண்ணி இவ்வளவு உயரம் வராதுடா" என்றாள் அக்கா, படத்தில் மூக்கு இடித்துவிடும் தூரத்தில் நின்றுகொண்டு.

ஓவியன் ஏணியில் நின்றபடி விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். மறுநாள் கண்காட்சி.

"இது நூறு வருஷம் கழிச்சு நடக்கறது, அக்கா. கற்பனை. யாரு ஸ்கேல் வெச்சு அளக்கப் போறாங்க?"

சுவர் முழுவதையும் அடைத்த படம். ஒரு தெரு இருந்த இடத்தில் ஏரி. நாணலுக்கு நடுவே ஒரே ஒரு வீடு, மாடி ஜன்னல் வரை மூழ்கி, மொட்டை மாடி நிறையக் கொக்குகளோடு நின்றது. அவர்கள் பிறந்து வளர்ந்த வீடு.

வரப்போகும் காலத்தை வரைகிறவன் என்று அவனுக்குப் பெயர். கடல் ஏறிய கடைவீதி, காடு புகுந்த ரயில் நிலையம் எல்லாம் வரைந்திருக்கிறான். சொந்த வீட்டில் கை வைத்தது இதுதான் முதல் தடவை.

"வீட்டை மூழ்கடிச்சிட்டேன்னு கோவமா?"

"கோவம் என்ன கோவம். மழை வந்தா பாதி மூழ்கற வீடுதானே. அப்பா ஷூவுக்குள்ள தவளை இருந்தது ஞாபகம் இருக்கா?"

"காலை விட்டுட்டு அவர் போட்ட சத்தம் ஞாபகம் இருக்கு. அன்னைக்கு ஆபீசுக்கு ரப்பர் செருப்போடதான் போனார்."

"நீ அந்தத் தவளையை சோப்பு டப்பாவுல வெச்சுக்கிட்டுத் தர மாட்டேன்னே."

சிரித்தபடியே இறங்கி வந்து அக்காவின் பக்கத்தில் நின்றான்.

"ஏரியைத் தூர்த்து வீடு கட்டின பிறகும் கொக்குங்க வந்துட்டே இருந்துச்சு இல்லக்கா? இறங்க இடம் தெரியாம நம்ம மாடியில வந்து நிக்கும். நீ தட்டுல தண்ணி வைப்பே."

"குனிஞ்சு பாத்துட்டுப் போயிடும். தட்டுக்கும் ஏரிக்கும் வித்தியாசம் தெரியாதா அதுங்களுக்கு." அவள் குரல் இறங்கியது. "அப்புறம் ஒரு வருஷம் வரவே இல்ல. நீ மாடிப்படியில உக்காந்து அழுதே."

"நானா? அழுதது நீ."

"சரி, ரெண்டு பேரும்தான்."

படிக்கப் போனவன் அப்படியே நகரத்தில் தங்கிவிட்டான். வீட்டில் தன் பங்கையும் அக்காவுக்கே எழுதிக் கொடுத்தான். மழைதோறும் தண்ணீரை வாரி இறைத்து, ஊறிய சுவருக்கு வெள்ளையடித்து, அந்த வீட்டைக் கட்டிக் காத்தவள் அவள்தான். இத்தனை வருடத்தில் அவனுடைய கண்காட்சிக்கு அவள் வந்ததே இல்லை.

"இது முடிஞ்சதும் உன்கூடவே வந்து ஒரு மாசம் தங்கப் போறேன்" என்றான். "மாடி ரூம்லதான் படுப்பேன், சொல்லிட்டேன். படத்துல என்ன வேணா வரையலாம். நிஜத்துல அந்தத் தெரு ஏரியாகுமா என்ன? அந்த வீட்டுல ஒரு செங்கல்லைத் தொட நானே விட மாட்டேன்."

படத்தில் இருந்த மாடி ஜன்னலைத் தொடப் போனவள், சாயம் காய்ந்திருக்காதோ என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"இதை எனக்குத் தர்றியாடா?"

"உனக்கு இல்லாததா. ஆனா எங்க மாட்டுவே? நம்ம ஹால் சுவர் இதுக்குப் பத்தாதே."

"சுவர் இல்லடா" என்றாள் அக்கா. "ஏரியைத் திரும்ப வெட்டப் போறோம், யாராவது ஒருத்தர் முதல்ல வீட்டைக் கொடுத்தா மத்தவங்களும் கொடுப்பாங்கன்னு நகராட்சியிலேர்ந்து வந்து கேட்டாங்க. போன வாரம் இடிச்சு முடிச்சாச்சு. உன்கிட்ட கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பே."