ஒரு கை

புது விமானத்தை மேற்கொண்டு கட்டலாமா என்று காலையில் போர்டு கூட்டத்தில் கேட்டபோது ஒரு கைகூட எழவில்லை. தலைவர் இன்பவல்லியின் கையும் மடியிலேயே கிடந்தது. மரியாதைக்கு அதன் இறக்கைச் சோதனையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று எல்லாரும் சோதனைக் கூடத்துக்கு வந்தார்கள். ரயில் பெட்டி நீளத்துக்கு இருந்த ஒற்றை இறக்கையின் நுனியைப் பிடித்து எஃகு வடங்கள் மேலே இழுத்துக்கொண்டிருந்தன. ஒடியும்வரை இழுப்பதுதான் சோதனை. எந்த உயரத்தில் ஒடியும் என்று சுவரில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். இறக்கை முனகிக்கொண்டே வளைந்து, அந்தக் கோட்டையும் தாண்டி ஏறிக்கொண்டே போயிற்று. போனை நோண்டிக்கொண்டிருந்தவர்கள்கூட அதைப் பைக்குள் போட்டார்கள்.

"இன்னும் இழுங்க," என்றார் நிதி இயக்குநர்.

"இதுக்கு மேல இழுத்தா வடம்தான் சார் அறுந்துபோகும்," என்றார் தலைமைப் பொறியாளர் சாலமன்.

கூரைக்கு ஒரு முழம் கீழே இறக்கை நின்றது. முனகலும் அடங்கிவிட்டது. இன்பவல்லி அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கூட்டம் முடிஞ்சதா எழுதிடலாமா மேடம்?" என்று செயலாளர் மெதுவாகக் கேட்டார்.

"இருங்க. ஒரு கை எழுந்திருக்கு."

செயலாளர் இயக்குநர்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார். எல்லாருடைய கைகளும் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. பிறகுதான் அவர் அண்ணாந்தார்.