தூப்பி

தூக்கமும் காப்பியும் சேர்ந்தால் தூப்பி. கண்ணைத் திறக்காமலே குடிக்கும் காலையின் முதல் காப்பிக்கு, கல்யாணமான புதிதில் ஜெயசீலனும் கமலினியும் வைத்த பெயர் அது. அவள் பிரிந்துபோன இந்த ஆறு வருடத்தில் அவன் அதை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் புரிந்துகொள்ள வேறு ஆள் கிடையாது.

இன்று அலுவலகக் கேன்டீனில், போன வாரம் வேலைக்குச் சேர்ந்த நிவேதிதா கொட்டாவி விட்டபடி, "அண்ணா, ஒரு தூப்பி" என்றாள். மாஸ்டர் திருதிருவென்று விழித்தார்.

"எங்க ஹாஸ்டல்ல ஒரு அக்கா சொல்வாங்க. இப்ப எங்க வாட்ஸப் குரூப் பூரா இதான்" என்று சிரித்தவள், வரிசையில் பின்னால் நின்ற ஜெயசீலனிடம் திரும்பினாள். "அர்த்தம் சொல்லவா சார்?"

"சொல்லும்மா."

சொன்னாள். முதல்முறை கேட்பவனைப் போலத் தலையாட்டினான்.

"அந்த அக்காவுக்கு யாரு சொன்னதாம்?"

"நானும் கேட்டேன் சார். நெட்ல எங்கேயோ பாத்ததுன்னாங்க."

அவள் டம்ளரோடு நகர்ந்தாள். "உங்களுக்கு சார்?" என்றார் மாஸ்டர்.

"எனக்கும் ஒரு..." என்று தொடங்கியவன் நின்றுவிட்டான். பின்னால் யாரோ செருமினார்கள்.

"டீ" என்றான்.