சாவியை எடுத்த பிறகும்

ஆறு மணிக்கு மேல் தோட்டத்தில் நிற்காதே என்கிற அண்ணன், டிராக்டருக்கு எல்.இ.டி. லைட் வாங்கி வந்திருந்தான்.

அவள் ஓட்டுகிற டிராக்டர். வாழை வரிசைகளுக்கு நடுவே நுழைந்து போகிற சின்ன வண்டி.

இருட்டில் ஓட்ட விடாதவனுக்கு வெளிச்சம் எதற்கு?

அவள் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆட்டோ எலெக்ட்ரீஷியன் தங்கமுத்து சீட்டைக் கழற்றிக் கீழே வைத்தான். முன்னால் இரண்டு லைட், பின்னால் களை ஓட்டும் ரோட்டவேட்டரைப் பார்த்து இரண்டு. புது ஹாரன். போன் சார்ஜ் போட ஒரு சாக்கெட்.

அண்ணன் பக்கத்திலேயே நின்றான். டீ வாங்கிக் கொடுத்தான். மில்லுக்கு நேரமாகியும் நின்றான். அவள் காலேஜில் சேர்ந்த அன்று பஸ் ஸ்டாப் வரைகூட வராதவன்.

"பேட்டரியிலருந்து நேரா ஒரு ஒயர் போவுதே, அது எதுக்குங்கண்ணா?"

தங்கமுத்து முதலில் அண்ணனைப் பார்த்தான். பிறகுதான் அவளை.

"ஹாரனுக்கு அம்மிணி. காலேஜ்ல இதெல்லாஞ் சொல்லித் தந்துருப்பாங்களே."

அண்ணன் சிரித்தான்.

சொல்லித் தந்தார்கள். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். படித்ததும் எலெக்ட்ரிக்கல்தான். ஒரு அரியர் கிடையாது. செவ்வாய்க்கிழமை வந்து சேரச் சொல்லிக் கோயம்புத்தூர் பம்ப் கம்பெனியிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது. போகாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

ஆர்டரைப் படித்துவிட்டு அண்ணன் சொன்னது ஒன்றுதான்.

"நீ ஹாஸ்டல்ல தங்கிச் சம்பாரிச்சுத்தான் நம்மூட்ல ஒல கொதிக்கோணுமாக்கும்."

சரி, போகவில்லை என்றாள்.

அவன் நம்பவில்லை. அண்ணியின் ஸ்கூட்டியை அவளிடம் தரக் கூடாது என்றான். டிராக்டரை மட்டும் பிடுங்க முடியவில்லை. அவள் ஓட்டாவிட்டால் வாழைக்குள் களை ஓட்ட வேறு ஆள் தேட வேண்டும்.

இரண்டு பேரும் போன பிறகு வண்டியிலிருந்து சாவியை எடுத்தாள்.

டெஸ்ட் பல்பை லைட் ஒயரில் வைத்தாள். எரியவில்லை.

சாக்கெட்டில் வைத்தாள். எரியவில்லை.

ஹாரனுக்கு என்ற அந்த ஒயரில் வைத்தாள். சாவி இல்லாமலே எரிந்தது.

ஒயரை உருவிவிட்டு, சாவியைப் போட்டு ஹாரனை அழுத்தினாள். தோட்டம் அதிர அடித்தது.

அவள் ஒயர் போகும் வழியைப் பிடித்துப் போனாள். சீட்டைக் கழற்றினாள். அடியில், மட்கார்டின் உள்பக்கம். கறுப்பு டேப் சுற்றிய தீப்பெட்டி அளவுப் பெட்டி. டேப்பைப் பிரித்தாள்.

உள்ளே சிம் கார்டு.

ஒயரைத் திரும்பச் சொருகினாள். பச்சையாய் ஒன்று மினுங்கியது.

வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எல்லாம் இனி அண்ணன் போனில் தெரியும். இதை வைக்க வண்டியைப் பிரிக்க வேண்டும். பிரிக்க ஒரு சாக்கு வேண்டும்.

அதற்குத்தான் அத்தனை லைட்டும்.

பெட்டியை வெளியே இழுத்தாள். ஸ்பேனரை ஓங்கினாள்.

அண்ணி சுகந்தி சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். கிட்டே வந்து அந்தப் பச்சையையே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"என்ற ஸ்கூட்டிலயும் இப்பிடி ஒண்ணு மினுங்குது கண்ணு. நா பேட்டரி லைட்டுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

ஓங்கிய ஸ்பேனர் அடிக்காமல் இறங்கியது.



அண்ணி போசியைக் கீழே வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். பெட்டியையும் சீட்டையும் காட்டி, மாட்டு என்று கையசைத்தாள். மாட்டியதும் ஏறி உட்கார்ந்தாள்.

"கிளட்ச்சு எது?"

பெட்டி இருந்த இடத்துக்கே போயிருந்தது. தங்கமுத்து சுற்றிய மாதிரியே அவள் டேப்பைச் சுற்றியிருந்தாள்.

அண்ணன் மில்லில் இருந்த நேரமெல்லாம் அண்ணி ஓட்டிப் பழகினாள். திரும்பும்போதெல்லாம் வண்டி குலுங்கி நின்றது. காய்த்த வாழை ஒன்று சாய்ந்தது. அண்ணி அதை வெட்டி மாட்டுக்குப் போட்டுவிட்டு மறுபடி ஏறினாள்.

செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டி வாசலில் நின்றது. அண்ணி வீட்டில்தான் இருக்கிறாள் என்று அது அண்ணன் போனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அண்ணி ஓட்ட, டிராக்டர் வாழைக்குள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

அவள் வாய்க்கால் கரையில் நடந்து ரோட்டுக்கு வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. சர்டிபிகேட் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கோயம்புத்தூர் ஒண்ணு."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கும்போது போன் அதிர்ந்தது. அண்ணனின் வாட்ஸ்அப்.

வண்டி ஏன் நிக்குது?

எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாளோ என்கிற கூச்சம்கூட அவனுக்கு இல்லை.

தண்ணி குடிக்கிறேன் என்று அனுப்பினாள்.

இரண்டு டிக்கும் நீலமாயின.

அண்ணி போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கூப்பிட முடியாது.

கிளட்ச்சை மிதி. கியரை நடுவுக்குக் கொண்டு வா. சாவியைத் திருப்பு. பயப்படாதே. மெதுவாக விடு.

அவளுடைய இடது கால் பஸ்ஸின் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

அவன் பெயருக்குக் கீழே டைப்பிங் என்று வந்தது.

நின்றது.

மறுபடி வந்தது. நின்றது.

ஒரு பாலம் போனது. ஒரு பெட்ரோல் பங்க் போனது. அவனிடமிருந்து எதுவும் வரவில்லை. வண்டி நகர்ந்திருக்க வேண்டும்.

அவள் இடது காலை மெல்ல, மிக மெல்ல எடுத்தாள்.